உலகம் அழியும் சனிக்கிழமைகள்

உலகம் அழிவதை நான் நூறு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். கடல் பொங்கி அழிந்திருக்கிறது. விண்கல் விழுந்து அழிந்திருக்கிறது. பனி மூடி, வைரஸ் பரவி, சூரியன் அணைந்து, இயந்திரங்களுக்குப் புத்தி வந்து, மனிதர்களுக்குப் புத்தி போய், எல்லா விதமாகவும் அழிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அது அழிந்து முடித்த பிறகு நான் எழுந்துபோய்க் காபி போட்டிருக்கிறேன். அந்தக் காபிக்காகத்தான் இந்தப் படங்களைப் பார்க்கிறேனோ என்றுகூடத் தோன்றும். பால் பொங்குகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, பக்கத்து வீட்டு மிக்ஸி கத்துகிறது. எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. அப்பாடா என்று இருக்கும்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. நாகமலை புதுக்கோட்டையில் அம்மாவும் நானும் இருக்கிறோம். எனக்குப் பல்கலைக்கழகத்தில் ஃபைல் தள்ளும் வேலை. அம்மா மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல நல்ல பதில் எதுவும் இல்லை, அதனால் அந்தப் பேச்சை இங்கேயே விட்டுவிடலாம்.

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மலை முழுநீளத்துக்கும் தெரியும். மதுரையை விழுங்க வந்த பாம்பு கல்லாகிப் படுத்திருக்கிறது என்பார்கள். பாம்புக்கு ஏது காலடி, வாலடியில் பிளாட் போட்டு விற்றிருக்கிறார்கள். அதில் ஒன்றில்தான் எங்கள் வீடு. அழிக்க வந்தது அழிக்காமல் படுத்துக் கிடக்கும் இடத்தில் குடியிருப்பவளுக்கு அழிவுப் படங்கள் பிடிப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

ஆனால் உண்மையில் இந்த ருசி சினிமாவால் வந்ததில்லை. சபையால் வந்தது. எங்கள் சபை சிறியது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், தெருவையே எழுப்பும் ஒரு ஸ்பீக்கர். நகை போடக்கூடாது, சினிமா பார்க்கவே கூடாது. ஆனால் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பாஸ்டர் அவ்வப்போது ஒரு நீளத் துணியைச் சுவரில் கட்டுவார். அதன் இடது ஓரத்தில் உலகம் தொடங்கும், வலது ஓரத்தில் அக்கினியில் முடியும். நடுவில் குதிரைகள், எக்காளங்கள், பல தலை மிருகம் ஒன்று. திரைச்சீலைக் கம்பியால் ஒவ்வொன்றாகத் தொட்டு அவர் சொல்லச் சொல்ல, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு மூச்சு நின்று நின்று வரும். சினிமா கூடாது என்ற மனிதர் தனக்கே தெரியாமல் எனக்குக் காட்டிய முதல் சினிமா அதுதான்.

அந்தத் துணியில் என்னை அதிகம் பயமுறுத்தியது மிருகம் இல்லை. வருகை. ஒருநாள், முன்கூட்டிச் சொல்லாமல், எக்காளம் ஊதும். விசுவாசிகள் அப்படியே மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் கீழே நிற்பார்கள். ஒரே வீட்டில் ஒருத்தர் போவார், ஒருத்தர் நிற்பார். போகிறவரின் செருப்பும் கண்ணாடியும் கடைசியாக வைத்த இடத்திலேயே கிடக்கும் என்பார் பாஸ்டர். செருப்பைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அதனால் பள்ளி விட்டு வரும்போது வீட்டில் அம்மா இல்லையென்றால் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அம்மா மீட்டிங்கில் இருப்பாள், இல்லாவிட்டால் ரேஷன் கடையில் நிற்பாள். அது மூளைக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியாது. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் சபையில் யாராவது ஒருத்தர்தான் எடுக்கப்படுவார் என்றால் அது பாஸ்டரம்மாவாகத்தான் இருக்கும். அவ்வளவு நல்ல மனுஷி. அவர் இருக்கிறார் என்றால் வருகை வரவில்லை. எனவே பையை எறிந்துவிட்டு இரண்டு தெரு தள்ளி இருக்கும் அவர் வீட்டுக்கு ஓடுவேன். முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருப்பார்.

"என்ன பாப்பா, இப்படி மூச்சு வாங்குற?"

"அம்மா கறிவேப்பிலை வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

அவர் வீட்டுக் கேட்டை ஒட்டி ஒரு கறிவேப்பிலை மரம் உண்டு. இரண்டு கொத்து ஒடித்துக் கொடுப்பார். எனக்குப் போன உயிர் திரும்பி வரும். அந்தக் கொத்தை ஆட்டிக்கொண்டே வீட்டுக்கு நடக்கும்போது இருந்த நிம்மதி, பிற்பாடு எந்த ஏ.சி. தியேட்டரிலும் கிடைக்கவில்லை. கொஞ்சம் கிட்டத்தில் வந்ததுண்டு, அவ்வளவுதான். வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கறிவேப்பிலை சேர்ந்துவிடும். அம்மா அதைப் பார்ப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள், துவையல் அரைத்துவிடுவாள்.

வளர்ந்த பிறகு நம்பிக்கை மெல்லப் போய்விட்டது. ஒரே நாளில் அல்ல, சோப்புக் கரைவதுபோல. ஆனால் அம்மாவுக்காக ஞாயிறு தவறாமல் போய் உட்கார்ந்துகொண்டிருந்தேன். ஆராதனை முடியும்போது எல்லோரும் எழுந்து கையை உயர்த்தி, "சீக்கிரம் வாரும் ஆண்டவரே, சீக்கிரம் வாரும்" என்று கதறுவார்கள். பெண்கள் அழுவார்கள், தம்புரு அடிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். கூரை அதிரும். அந்த நேரத்தில் எங்கள் வரிசையில் சத்தம் போடாத ஆட்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி. அம்மா ஒருத்தி. உதட்டை இறுக மூடி, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆயுசு முழுக்க வகுப்பில் 'சத்தம் போடாதே' என்று சொன்னவள், கூச்சல் பிடிக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

சனிக்கிழமைப் பழக்கம் அம்மா ஓய்வு பெற்ற பிறகு வந்தது. ஒரு மதியம் நான் காதில் மாட்டிக்கொண்டு ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"இவன் எதுக்கு இந்த ஓட்டம் ஓடுறான்?"

"ஊர் அழியப் போகுதும்மா."

"எதனால?"

"தண்ணி. கடல் உள்ள வருது."

"தண்ணியால இனிமே அழிக்கிறதில்லைன்னு ஆண்டவர் எப்பவோ வாக்குக் குடுத்துட்டாரு. படம் எடுத்தவனுக்கு யாரும் சொல்லல போல" என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்தவள் கடைசி ஆள் கரையேறும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமை மூன்று மணி என்றால் எங்கள் வீட்டில் உலகம் அழியும். அம்மாவைக் கேட்டால் இது சினிமா இல்லை, எச்சரிக்கை. படம் முடிந்ததும் மார்க் போடுவாள். "நூத்துக்கு நாப்பது. நெருப்பு நல்லா இருந்துச்சு. மனுசங்க சரியில்ல." இன்னொன்றுக்கு, "அம்புட்டு பேரு சாகுறாங்க, நாய் மட்டும் தப்பிக்குது. இதுக்கு என்னத்த மார்க் போட?" ஆனாலும் நாய்க்காக ஐந்து மார்க் கூடுதலாகப் போட்டாள். பாஸ்டரின் பழைய ஆம்னி வேன் தெருவில் திரும்பும்போது ஒரு ஹாரன் அடிக்கும். அது கேட்டால் அம்மாவின் கை ரிமோட்டுக்கு எப்படிப் போகும் என்றே தெரியாது. அவர் உள்ளே நுழையும்போது டி.வி.யில் யாராவது பிரசங்கம் செய்துகொண்டிருப்பார்கள்.

அழிவு வந்தால் எங்கே போவது என்றும் பேசி வைத்திருந்தோம். கீழக்குயில்குடி சமணர் மலைதான் பக்கம், அங்கே பாறையில் வெட்டிய படுக்கைகளே இருக்கின்றன என்றேன். "முட்டிவலிக்காரிக்குக் கல்லுப் படுக்கை ஆகாது. நீ போயிட்டு வா, நான் வீட்டைப் பாத்துக்கிறேன்" என்றாள் அம்மா. உலகம் அழியும்போதும் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று நினைப்பவள் அவள். ஊரடங்கு வந்தபோதுதான் இந்தப் படங்களை நிறுத்தி வைத்தோம். அப்போது வெளியே நடந்ததற்கு இசை இல்லை, ஓட்டம் இல்லை, காய்கறி வண்டி எப்போது வரும் என்ற கவலைதான் இருந்தது. அம்மா அதற்கு மார்க் போடவில்லை. தெரு பழையபடி சத்தமான பிறகுதான், "இந்த வாரம் ஏதாச்சும் போடு" என்று அவளாகவே சொன்னாள்.

இனி அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன்.

போன சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கிய நாள். எனக்கு விடுமுறை. அம்மாவுக்கு இடது கண்ணில் புரை நீக்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சமையல்கட்டில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் விடிவதற்கு முன்பே ஆளாளுக்கு வண்டி பிடித்து அழகரைப் பார்க்கக் கிளம்பிப் போயிருந்தார்கள். தெருவே கழுவி விட்டதுபோல் இருந்தது.

"அடுத்த மாசம் ஞானஸ்நானம் குடுக்கிறாங்க. உன் பேரைச் சேத்து எழுதச் சொல்லிட்டேன்" என்றாள் அம்மா, பீன்ஸிலிருந்து தலையைத் தூக்காமல்.

எங்கள் சபையில் ஞானஸ்நானம் வயது வந்த பிறகு, தானாகக் கேட்டு, தண்ணீரில் முழுகி எடுப்பது. இருபது வருடமாக நான் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். ஜலதோஷம் என்பேன், ஆடிட் என்பேன். இப்படிக் கேட்காமல் பெயரைக் கொடுத்துவிட்டாளே என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

"யாரைக் கேட்டுக் குடுத்த? பேரை எடுக்கச் சொல்லு."

"ஏன் புள்ள, நல்ல காரியந்தானே?"

"எனக்கு இதுல எதுலயும் நம்பிக்கை இல்லம்மா. சும்மா உனக்காக வந்து உக்காந்திருக்கேன். சினிமா பாக்குற மாதிரிதான் பாத்துக்கிட்டிருக்கேன். எல்லாம் கட்டுக்கதை."

இருபது வருடம் வாய்க்குள் வைத்திருந்த வார்த்தை, ஒரு கூறு பீன்ஸுக்கு முன்னால் விழுந்தது. அம்மா கத்தியை வைத்தாள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் தெரியவில்லை.

"அப்ப நீ நின்னுருவ" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

"நின்னுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். போன் சார்ஜரில் கிடந்தது. திரும்பிப்போய் எடுக்க வீம்பு விடவில்லை.

எங்கே போவது? பைபாஸ் ரோட்டுப் பக்கம் இருக்கும் ஒரு மாலில் பதினோரு மணிக் காட்சிக்கு உலகம் அழிவதாகப் போஸ்டர் பார்த்திருந்தேன். போய் உட்கார்ந்தேன். மதுரையே ஆற்றங்கரையில் நிற்கும் நாளில் சினிமாவுக்கு வருகிறவர்கள் யார்? என்னையும் சேர்த்து ஒன்பது பேர். படம் நன்றாகவே அழிந்தது. ஆனால் பக்கத்து இருக்கையில் மார்க் போட ஆள் இல்லை. இரண்டு இடத்தில் என்னை அறியாமல் திரும்பிப் பார்த்தேன். கடைசியில் ஒரு அப்பாவும் மகளும் ரேடியோவில் பேசிக்கொள்ளும் இடத்தில் எல்லோரும் அழுதார்கள். நான் எரிச்சலோடு பாப்கார்ன் தின்றேன்.

வெளியே வந்தால் வழக்கமான அந்த அப்பாடா வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது, ஊர் அப்படியே இருந்தது. ரோட்டோரம் அழகர் பக்தர்களுக்காகப் பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். "அக்கா, இன்னொரு டம்ளர் குடிங்க, வெயிலு எம்புட்டு அடிக்குது" என்று ஒருத்தர் வற்புறுத்தி ஊற்றினார். குடித்தேன். மோர் உள்ளே போகப் போகக் கோபமும் இறங்கியது. போய் அம்மாவிடம் ஏதாவது சொல்லிச் சரிசெய்துவிடலாம் என்று தோன்றியது. என்ன சொல்வது என்று தெரியவில்லை, ஆனால் போனால் வந்துவிடும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு இருக்கும். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. ஒரு ஆடு மட்டும் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. எங்கள் கதவு பூட்டவில்லை, சும்மா சாத்தியிருந்தது. வாசலில் அம்மாவின் செருப்பு, ஜோடி சேர்ந்து, ஒழுங்காக.

"அம்மா" என்றேன். பதில் இல்லை. ஹாலில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள் அம்மா. சமையல்கட்டில் பாதி நறுக்கிய பீன்ஸ், பக்கத்தில் கத்தி. கட்டிலில் அவளுடைய வேதப்புத்தகம் விரித்தபடி கிடந்தது. அதன்மேல் அவள் மூக்குக்கண்ணாடி.

செருப்பு. கண்ணாடி.

சிரிக்காதீர்கள். நான் நம்பிக்கை இல்லாதவள்தான். அன்று காலைதான் அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். அதனால்தான் இன்னும் மோசம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலில், நல்ல வெளிச்சத்தில், பீன்ஸ்கூடப் பேயாகத் தெரிந்தது. சார்ஜரில் கிடந்த என் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அழகர் இறங்கும் நாளில் மதுரையில் யாரைக் கூப்பிட்டாலும் அதையேதான் சொல்லும் என்பது எனக்குத் தெரியாததா? நான்கு தடவை கூப்பிட்டேன். எல்லை என்ற சொல் அன்று வேறு மாதிரி கேட்டது.

அப்புறம் நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. கதவைச் சாத்திவிட்டு நடந்தேன். முதலில் நடை, தெருமுனை திரும்பியதும் ஓட்டம். நாற்பத்திரண்டு வயதில், ஆபீசில் எட்டுப் பேர் என் கையெழுத்துக்குக் காத்திருக்கும் பொம்பளை, இரண்டு தெரு ஓடி பாஸ்டரம்மா வீட்டு முன்னால் போய் நின்றேன். வாயில் வசனம் தயாராக இருந்தது. கறிவேப்பிலை இருக்குமா.

கேட் பூட்டியிருந்தது. முற்றத்தில் யாரும் இல்லை. கறிவேப்பிலை மரம் மட்டும் நின்றது.

அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அதுதான் எனக்குப் புத்தியைத் திருப்பிக் கொடுத்தது. எடுத்துக்கொள்ளப்படுகிறவர் கேட்டைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டா போவார்? சரி, வருகை இல்லை. ஆனால் பயம் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்தது. வருகை இல்லையென்றால் அம்மா எங்கே? எழுபது வயது, பிரஷர், ஒற்றைக் கண். பீன்ஸ் நறுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருப்பாளோ? யாராவது தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்களோ? காலையில் அவள் நம்பிக்கையைப் பற்றி நான் சொன்ன வார்த்தை 'கட்டுக்கதை'. நான் சொன்ன கடைசி வார்த்தை 'நின்னுக்கிறேன்'.

திரும்பி வந்து வாசற்படியில், அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்த ஆஸ்பத்திரிக்கு முதலில் போவது என்று யோசிக்க முயன்றேன், முடியவில்லை. ஜெபம் செய்ய வாயெடுத்தேன், யாரிடம் என்று தெரியவில்லை. படங்களில் எல்லாம் முடிந்துபோன பிறகு தனியாக ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், கேமரா மெல்ல மேலே போகும். அது அழகாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அழகாக இல்லை. முதுகில் வியர்வை வழிந்தது, மூக்கு ஒழுகியது, ஆடு என்னைப் பார்த்தது.

அப்போது தெருமுனையில் அந்த ஹாரன் கேட்டது.

எத்தனை சனிக்கிழமை அந்த ஹாரனைத் திட்டியிருக்கிறேன்! அன்றைக்கு அது கேட்டதும் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. ஆம்னி வந்து நின்றது. முன்னால் பாஸ்டர், பின்னால் பாஸ்டரம்மா, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கறுப்புக் கண்ணாடியோடு அம்மா. காலில் என் புதுச் செருப்பு. வலது இடது மாற்றிப் போட்டிருந்தாள்.

"எங்க போன?" என்று கத்தினேன். பாஸ்டர் முன்னால் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை.

"என்ன பாப்பா, கண் டாக்டர்ட்ட இன்னிக்கு வரச் சொல்லிருக்குன்னு உனக்குத் தெரியாதா?" என்றார் பாஸ்டரம்மா. "பன்னெண்டரை மணிக்கு. நீ கூட்டிட்டுப் போவேன்னு அம்மா பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறந்தான் எங்களுக்குப் போன் போட்டாங்க."

தெரியும். காலண்டரில் நான்தான் வட்டம் போட்டு வைத்திருந்தேன். கோபம் அந்த வட்டத்தை அழித்துவிட்டது.

அம்மா என் தோளைப் பிடித்துப் படியேறினாள். மருந்து விட்டு விரித்த கண்ணுக்கு எல்லாம் மங்கலாகத் தெரியுமாம். அப்படியும் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"அழுதியா?"

"இல்ல. வெயிலு. சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

"எழுதி வச்சிட்டுத்தானே போனேன்."

"எங்க?"

"ரிமோட்டுக்கு அடியில. வீட்டுக்குள்ள வந்தா நீ மொதல்ல தொடுறது அதைத்தானே."

இத்தனை வருடத்தில் வீட்டுக்கு வந்து ரிமோட்டைத் தொடாத ஒரே நாள் அதுதான். உள்ளே போய் எடுத்தேன். காலண்டர்த் தாளின் பின்பக்கம், அம்மாவின் கரும்பலகைக் கையெழுத்து. ஒற்றைக் கண்ணோடு எழுதியதால் வரி கொஞ்சம் மேலே ஏறியிருந்தது.

'கண் டாக்டரிடம் போகிறேன். பாஸ்டரம்மாவும் உடன் வருகிறார். அங்கே போய்க் கறிவேப்பிலை தேடாதே. வருகை இல்லை. ரசத்தைச் சுடவைத்துச் சாப்பிடு.'

'வருகை இல்லை' என்பதன் கீழே சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

நான் அந்தத் தாளை வைத்துக்கொண்டு சமையல்கட்டில் போய் நின்று, குழாயைத் திறந்துவிட்டு, நன்றாக அழுதேன். நிம்மதியில் அழுகிற அழுகையை அடக்கவே தோன்றாது. முப்பது வருடத்துக்கு மேலாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை கறிவேப்பிலையும் எதற்கு வந்தது என்று தெரிந்து, ஒரு வார்த்தை கேட்காமல் துவையல் அரைத்திருக்கிறாள்.

சாயங்காலம் காபி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டி.வி. பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், நான் தியேட்டருக்குத்தான் போயிருப்பேன் என்று கண்டுபிடித்து, அந்தப் படத்தின் கதையைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அப்பாவும் மகளும் ரேடியோவில் பேசும் இடத்தை மட்டும் சுருக்கிச் சொன்னேன்.

"நாப்பத்தஞ்சு" என்றாள். "வெறுமனே கேட்டதுக்கு இம்புட்டுதான் குடுக்க முடியும்."

"அம்மா, காலைல நான் சொன்னது..."

"கேட்டுச்சு. ஆபரேசன் கண்ணுலதான், காதுல இல்ல." காபியை ஆற்றினாள். "உன் பேரை எடுக்கச் சொல்லிட்டேன். வண்டியிலயே சொல்லியாச்சு."

"நான் நம்பலைன்னு சொன்னேன்ல. அப்புறம் எதுக்கு வருகை இல்லைன்னு எழுதி வச்ச?"

"நம்பிக்கை போனாப் பயமும் கூடவே போயிருமா? அது பாட்டுக்கு உள்ள கெடக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும். அழகரைப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் பீப்பீ ஊதினார்கள். அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நீ நின்னுருவன்னு சொன்னேன்ல. வாய் தவறிச் சொல்லல. அதைத்தான் எம்புட்டோ வருசமா நெனச்சுக்கிட்டிருக்கேன். சபையில கடைசியா எல்லாரும் சீக்கிரம் வாரும், சீக்கிரம் வாரும்ங்கிறாங்கள்ல? நான் இன்னிக்கு வரைக்கும் அதைச் சொன்னதில்ல."

"ஏம்மா?"

"உன்னை விட்டுட்டுப் போற வண்டிய நான் எதுக்குக் கூப்பிடணும்?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, கண்ணுக்கு மருந்து விடும் நேரம் ஆகிவிட்டது என்று நினைவுபடுத்தினாள். நான் விட்ட முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. "கண்ணு மேல இருக்கு" என்றாள்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போலச் சபைக்குப் போனோம். முடிவில் எல்லோரும் எழுந்தார்கள், கைகள் உயர்ந்தன, தம்புரு அதிர்ந்தது, கூரை நடுங்கியது. சீக்கிரம் வாரும், சீக்கிரம் வாரும். அம்மா கைப்பையிலிருந்து ஒரு கையை எடுத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றோம்.